இரும்பு எருது கேட்ட கேள்வி

வெகு காலத்துக்கு முன்பு, மனிதர்கள் ஆற்றோடு பேசிக்கொண்டிருந்த காலத்தில், சீன தேசத்தின் வடக்கே ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் நடுவே மஞ்சள் ஆறு ஓடியது. பேருக்கு மஞ்சள் இல்லை, நிஜமாகவே மஞ்சள். ஒரு குடம் தண்ணீர் மொண்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடியில் கெட்டியாகச் சேறு தங்கிவிடும். மேலே தெளிந்ததைக் குடித்துவிட்டு, அடியில் தங்கியதை எடுத்து அடுப்புக்குப் பூசுவார்கள். எதையும் வீணாக்காத ஜனங்கள்.

அந்த ஆற்றின் கரையில் தாங்ஜியா என்று ஓர் ஊர். ஊர்க்காரர்களுக்கு ஆண்டுதோறும் ஒரே வேலை, கரையை உயர்த்துவது. ஏனென்றால் ஆறு சேற்றைக் கொண்டுவந்து தன் படுக்கையிலேயே போட்டுக்கொள்ளும். படுக்கை உயர்ந்தால் தண்ணீர் உயரும். தண்ணீர் உயர்ந்தால் கரை உயர வேண்டும். சோளத்தட்டையையும் மரக்கிளைகளையும் கட்டுக் கட்டாகக் கட்டி அடுக்குவார்கள், அதன்மேல் கூடை கூடையாக மண் கொட்டுவார்கள். பிறகு கனமான திமிசுக் கல்லில் கயிறுகள் கட்டி, சுற்றி நின்று தூக்கித் தூக்கிப் போட்டு மண்ணை இறுக்குவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும் அல்லவா? அதற்கு ஒருவர் பாட்டெடுப்பார்.

"தூக்கு, தூக்கு, தோள் கொடு" என்பார் அவர். கல் மேலே போகும்.

"போடு, போடு, மண் இறுகட்டும்" என்பார். கல் கீழே விழும்.

தாங்ஜியாவில் பாட்டெடுத்தவர் பெயர் கெங். அவர் குரல் அக்கரை வரைக்கும் கேட்கும். அவருக்கு ஒரே மகள், பெயர் சின்மாய். அவர்கள் பாஷையில் அதற்குப் புதுக் கோதுமை என்று அர்த்தம். அறுவடைச் சமயத்தில் பிறந்தவள்.

கரைமேல் ஓர் இரும்பு எருது படுத்திருந்தது. ஆற்றைப் பார்த்தபடி, முன்காலை மடக்கி, கொம்பை உயர்த்தி, எந்தக் காலத்திலோ வார்த்து வைத்தது. எருதுக்குப் பக்கத்தில் ஒரு மதகு. மதகுக்குக் கீழே, ஊருக்குத் தள்ளி, பரந்த ஒரு பள்ளமான நிலம். சுற்றிலும் வரப்பு. அதில் யாரும் விதைப்பதில்லை, வீடு கட்டுவதில்லை. அதற்கு 'ஆற்றின் வயல்' என்று பெயர். ஆற்றுக்கு எதற்கு வயல் என்று கேட்கிறீர்களா? இருங்கள், எருதே சொல்லும்.

வசந்த காலம் பிறந்ததும் ஊர் முழுக்க எருதின் முன் கூடுவது வழக்கம். பாட்டெடுப்பவர் எருதின் பக்கத்தில் நின்று, எருதுக்குப் பதிலாகக் கேட்பார்: "ஆறு எங்கே?" உடனே வீட்டுக்கு ஒருவர் தத்தம் வாசற்படிக்கு ஓடுவார். படியில் நின்றுகொண்டு, கரையோரத் தண்ணீர் தன் உடம்பில் எந்த மட்டத்துக்குச் சமமாக இருக்கிறதென்று பார்ப்பார். திரும்பி வந்து, "காலடியில்" என்பார், அல்லது "கணுக்காலில்" என்பார், அல்லது "முழங்காலில்" என்பார். முழங்கால் என்று பதில் வந்தால் மதகைத் திறந்துவிடுவார்கள். ஆறு வயலுக்குள் இறங்கி, ஒரு பருவம் அங்கே படுத்துக் கிடந்துவிட்டுப் போகும்.

நல்ல வழக்கம்தான். ஆனால் நாளாக நாளாக என்ன ஆயிற்று? விசேஷ நாளில் நல்ல வார்த்தைதானே சொல்ல வேண்டும் என்று யாரோ ஒரு மகராசன் ஆரம்பித்து வைத்தான். வாசற்படிக்கு ஓடுவது நின்றுபோயிற்று. "ஆறு எங்கே?" என்று கேட்டதும், கையில் பலகாரத்தோடு எல்லோரும் சேர்ந்து, "காலடியில்" என்று கத்திவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எருதுக்கு மஞ்சள் துணி சாத்தினார்கள், சாம்பிராணி போட்டார்கள். அதன் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போது ஓர் ஆண்டு கரை உடைந்தது. சின்மாயின் அம்மா ஆற்றோரத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஆறு அவளைக் கொண்டுபோய்விட்டது. சின்மாய் அப்போது இடுப்பை விட்டு இறங்காத குழந்தை. கெங் அதற்குப் பிறகு கரையில் பாடினார், ஆனால் ஆற்றின் பக்கம் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

சின்மாய் வளர்ந்து பெரியவளான சமயத்தில்தான் அந்த ஊருக்கு ஃபாங் வந்தான்.

ஃபாங் ஒரு மந்திரவாதி. நீளத் தாடி, கண்ணில் நெருப்பு என்றெல்லாம் கற்பனை செய்யாதீர்கள். மழமழவென்று சவரம் செய்த முகம், மெதுவான பேச்சு, யாரைப் பார்த்தாலும் "ஐயோ, இப்படிக் கஷ்டப்படுகிறீர்களே" என்று ஓர் அனுதாபம். தோளில் ஒரு கயிற்றுச் சுருள். நாட்டு ராஜா லூஷாங் கரை வேலையைப் பார்வையிட வந்திருந்த நாளில், கூடை சுமந்து கூன்விழுந்த ஜனங்களுக்கு நடுவே வந்து நின்றான்.

"மகாராஜா, இந்தக் கயிற்றைக் கரை நெடுகப் புதைத்து, நுனியை இந்த இரும்பு எருதின் கொம்பில் கட்டிவிட்டால் போதும். அப்புறம் யாரும் கூடை தூக்க வேண்டாம். 'எழு, கரையே, எழு' என்று சொன்னால் கரை தானே எழும்."

"எவ்வளவு எழும்?" என்றார் ராஜா.

"எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு."

"உனக்கு என்ன வேண்டும்?"

ஃபாங் கூச்சப்படுவதுபோல் தரையைப் பார்த்தான். "பெரிதாக ஒன்றும் வேண்டாம், மகாராஜா. இந்த மதகுக்குக் கீழே ஒரு தரிசு கிடக்கிறதே, யாருக்கும் உபயோகமில்லாமல். அதைக் கொடுத்தால் போதும். அதையும் நான் தனியாக அனுபவிக்கப் போவதில்லை. ஊரில் யார் கேட்டாலும் பங்கு தருவேன்."

ராஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கயிற்றைப் புதைத்தார்கள். ஃபாங் நுனியை எருதின் கொம்பில் கட்டினான். "முதல் வார்த்தையை யார் சொல்கிறீர்கள்? நல்ல குரலாக இருக்கட்டும்" என்றான்.

எல்லோரும் கெங்கைப் பார்த்தார்கள். கெங் கையிலிருந்த கூடையைக் கீழே போட்டார். பெண்டாட்டியைக் கொண்டுபோன ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, நெஞ்சு வெடிக்கிற மாதிரி, "எழு, கரையே, எழு" என்றார்.

கரை எழுந்தது. சத்தமில்லாமல், மாவு புளித்துப் பொங்குவதுபோல் எழுந்தது. ஜனங்கள் அழுதார்கள், சிரித்தார்கள், கூடைகளை உடைத்து அடுப்பில் வைத்தார்கள்.

ஃபாங் சொன்ன சொல் தவறவில்லை. ஆற்றின் வயலில் நடுநாயகமாக ஒரு மாளிகை கட்டிக்கொண்டான். சுற்றி இருந்ததைக் கேட்டவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தான். மதகை மூடி, அதன்மேலும் கரையை எழுப்பினான். முதல் பங்கு கெங்குக்கு. அவர் அதில் ஒரு வீடு கட்டி, சுற்றிலும் இலந்தைத் தோப்பு வைத்தார். அந்த நாட்டு இலந்தை நம் ஊர்ப் பழம் மாதிரி சுண்டைக்காய் அளவில் இருக்காது. கட்டைவிரல் தண்டி, ரத்தச் சிவப்பு, தேன் மாதிரி இனிப்பு. கெங் ஒவ்வொரு கன்றுக்கும் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றினார்.

ஆண்டு ஒன்று போயிற்று. ஆறு உயர்ந்தது. "எழு, கரையே, எழு." கரை எழுந்தது. ஆறு ஜன்னல் மட்டத்துக்கு வந்தது.

இன்னோர் ஆண்டு போயிற்று. ஆறு உயர்ந்தது. "எழு, கரையே, எழு." கரை எழுந்தது. ஆறு கூரை மட்டத்துக்கு வந்தது.

இன்னும் ஓர் ஆண்டு போயிற்று. இப்போது ஆறு கூரைக்கும் மேலே ஓடியது. தாங்ஜியாவில் அண்ணாந்து பார்த்தால் மேகம் தெரியும், பறவை தெரியும், படகு தெரியும். ஒரு நாள் மேலே போன படகிலிருந்து ஒரு துடுப்பு நழுவி, ஒரு வீட்டு முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த தினையில் விழுந்தது. வீட்டுக்காரி அதை மூங்கிலில் கட்டி மேலே நீட்டினாள். படகுக்காரன் குனிந்து வாங்கிக்கொண்டு, "அக்கா, குழம்பு நல்ல வாசனை" என்றான். ஊரே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

சிரிக்காதவள் சின்மாய் ஒருத்திதான். தண்ணீர் எடுக்க மற்ற ஊர்களில் ஆற்றுக்கு இறங்குவார்கள், அவள் ஏணி வைத்து ஏறினாள். வீட்டுத் தரை எப்போதும் ஈரம். அடுப்புக்குள் தவளை. வயலில் தண்ணீர் கசிந்து கசிந்து வெள்ளையாக உப்புப் பூத்தது. இரும்பு எருதைக் கரை கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கியிருந்தது. முதலில் கால்கள் போயின, பிறகு வயிறு போயிற்று, பிறகு கழுத்தும் போயிற்று. முகமும் கொம்பும்தான் வெளியே தெரிந்தன.

அந்த வசந்த காலத்திலும் ஊர் கூடிற்று. கெங் கேட்டார்: "ஆறு எங்கே?" தலைக்கு மேலே படகு போய்க்கொண்டிருக்க, எல்லோரும் பலகாரத்தை மென்றபடி, "காலடியில்" என்று கத்தினார்கள். கத்திவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

சின்மாய் போகவில்லை. எருதின் வாயில் அப்பியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தாள். மனசு கேட்காமல், அதன் காதருகே குனிந்து, "பொய் சொல்கிறார்கள். நம் வாசற்படியில் நின்று பார்த்தால் ஆறு தலைக்கு மேலே இருக்கிறது" என்றாள்.

எருது கண்ணைத் திறந்தது.

"அப்பாடா" என்றது. "உண்மையான பதில் கிடைத்தால்தான் எனக்குப் பேச்சு வரும். எத்தனை காலமாகக் காத்திருக்கிறேன் தெரியுமா, பெண்ணே?"

சின்மாய் திடுக்கிட்டாள். ஆனாலும் நகரவில்லை. "ஆறு ஏன் எங்களை இப்படிப் படுத்துகிறது?" என்று கேட்டாள்.

"ஆற்றைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? இராப்பகலாக அது என்னிடம் பேசிக்கொண்டே போகிறது. கேள். மேற்கே வெகு தொலைவில், பனி உருகும் மலைகளுக்கு நடுவே அது பிறக்கிறது. அங்கே அது கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீர். அப்புறம் மணல் காடும் புல்வெளியும் தாண்டி வடக்கே போகிறது, கிழக்கே திரும்புகிறது, மறுபடி தெற்கே இறங்குகிறது. ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி பெரிய வளைவு. இறங்குகிற வழியில்தான் மஞ்சள் மண் மலைகள். மண்ணா அது, மாவு. ஒரு கோடை மழை பெய்தால் குன்றே கரைந்து ஆற்றின் தோளில் ஏறிக்கொள்ளும். அத்தனையையும் சுமந்துகொண்டு, மலை இடுக்குகளில் முட்டி மோதிக்கொண்டு, இந்தச் சமவெளிக்கு வந்து சேருகிறது. கடலோ இன்னும் எவ்வளவோ தூரம். மலையில் சரிவு இருந்தது, அது தள்ளிவிட்டது. இங்கே சரிவும் இல்லை, கால் ஓய்ந்துவிடுகிறது. தலையில் பாரம் வைத்து நடக்கிறவர்கள் வழியில் எதைத் தேடுவார்கள்?"

"சுமைதாங்கியை" என்றாள் சின்மாய்.

"அதுதான் ஆற்றின் வயல். அந்தச் சுமைதாங்கியைப் பிடுங்கிவிட்டு, நடு வழியில் நிற்கிறானே என்று சுமைக்காரனைத் திட்டுகிறீர்கள். நீ நிற்கிற மண் யார் கொண்டுவந்தது? உன் வீட்டுச் சுவர்? உன் கிண்ணத்தில் இருக்கும் தினை? இந்தச் சமவெளி முழுவதுமே என்றோ அது இறக்கி வைத்த சுமைதான். இன்னும் கேள். மலையில் மழைக்காலம் நெருங்குகிறது. இந்தத் தடவை வருகிற தண்ணீரைக் கயிறு தாங்காது. கரை எவ்வளவு உயரமோ, விழுகிறபோது அடியும் அவ்வளவு. தாங்ஜியா இருந்த இடம் தெரியாது."

"கயிற்றை அவிழ்த்துவிட்டால்?"

"அவிழ்த்தால் மதகு திறக்கும், ஆறு தன் வயலுக்குப் போகும், ஊர் பிழைக்கும். ஆனால் முடிச்சைக் கட்டியவனால் அவிழ்க்க முடியாது. ராஜாவாலும் முடியாது. ஆற்றின் வயலில் முதல் பங்கு வாங்கியவர், தானாக மனசு ஒப்பித் திருப்பிக் கொடுத்தால்தான் அது அவிழும்."

முதல் பங்கு வாங்கியவர் யார் என்று சின்மாய்க்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் இலந்தைத் தோப்பு நினைவுக்கு வந்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவிடம் போவதற்கு முன் வேறு வழி ஏதாவது கிடைக்காதா என்று பார்க்கலாம் என்று நினைத்தாள். நாமாக இருந்தாலும் அதைத்தானே செய்திருப்போம்.

முதலில் ராஜாவிடம் போனாள். ராஜாவின் அரண்மனை குன்றின்மேல் இருந்தது.

"ஆறு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?" என்றார் லூஷாங் ராஜா.

"கூரைக்கு மேலே, மகாராஜா."

"கரை?"

"அதற்கும் மேலே."

"அப்புறம் என்ன?" என்றார் ராஜா. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, குன்றின்மேல் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். சின்மாய்க்கு ஒரு தட்டு நிறையப் பலகாரம் கொடுத்து அனுப்பினார்.

அடுத்து ஃபாங்கிடம் போனாள். அவன் மாளிகை வாசலுக்கே வந்து வரவேற்றான். "ஐயோ பாவம், இந்த வெயிலில் நடந்தா வந்தாய்?"

"ஐயா, கயிறு எத்தனை நாள் தாங்கும்?"

"நான் இங்கே இருக்கும்வரை தாங்கும், அம்மா."

"நீங்கள் எத்தனை நாள் இருப்பீர்கள்?"

ஃபாங் சிரித்தான். "உனக்கு ஒரு நல்ல பங்கு ஒதுக்கித் தருகிறேன். கல்யாணம் ஆனதும் வீடு கட்டிக்கொள். இதையெல்லாம் யோசித்து மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே."

சின்மாய் தலை நிமிர்ந்து பார்த்தாள். மாளிகையின் உத்தரத்தில், பட்டுத் துணியால் மூடி, ஒரு படகு கட்டித் தொங்கியது. துடுப்புகூடத் தயாராக இருந்தது. அவள் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிட்டாள்.

கடைசியாக அப்பாவிடம் போனாள். கெங் தோப்பில் மரத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். மரங்கள் அந்த ஆண்டுதான் முதல் தடவையாகப் பூத்திருந்தன. எருது சொன்னதையும், ராஜா சொன்னதையும், உத்தரத்தில் தொங்கும் படகையும் அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். கெங் வேலையை நிறுத்தவில்லை.

"உன் அம்மாவை இந்த ஆறு கொண்டுபோயிற்று" என்றார்.

"தெரியும், அப்பா."

"அப்புறம் எனக்கென்று இருப்பது நீயும் இந்த மரங்களும்தான். மரத்தையும் அதற்கே கொடு என்கிறாய்."

"ஆமாம், அப்பா."

"என்னால் முடியாது. வேறு எதை வேண்டுமானாலும் கேள்."

சின்மாய் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். "அம்மா போனபோது ஆறு எங்கே இருந்தது, அப்பா?"

அவர் யோசித்தார். அந்தக் கேள்வியை அவர் வாழ்க்கை முழுக்க ஊரிடம் கேட்டிருக்கிறார், அவரை யாரும் கேட்டதில்லை. "முழங்காலில்" என்றார் கடைசியில். "அந்த ஆண்டும் எல்லோரும் காலடியில் என்றுதான் கத்தினோம். நானும் கத்தினேன்."

"முழங்கால் உயரத்தில் இருந்தபோது அம்மா ஒருத்தி போனாள். இப்போது தலைக்கு மேலே இருக்கிறது."

கெங் முட்டுக் கொடுத்த கம்பை இறுக்கிக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். சின்மாய் அவரைத் தனியே விட்டுவிட்டு வந்தாள். பெற்ற அப்பாவை அதற்குமேல் நெருக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மழைக்காலம் வந்தது. தாங்ஜியாவில் ஒரு துளி இல்லை, வானம் பளிச்சென்று இருந்தது. மழை பெய்ததெல்லாம் தொலைவில், மஞ்சள் மண் மலைகளில். ஒரு நாள் காலையில் ஆற்றின் நிறம் மாறியது. தண்ணீர் கூழ்போல் கெட்டியாகிவிட, வேரோடு பிடுங்கின மரங்களும், கதவுகளும், ஒரு மாட்டு வண்டியும் மேலே மிதந்துவந்தன. காவல்காரன் கரையில் சேகண்டியை அடித்தான். ஊரே கரையில் ஏறி, "எழு, கரையே, எழு" என்று கத்தியது. கரை எழுந்தது. ஆறும் எழுந்தது. மறுபடி கத்தினார்கள். கரை எழுந்து, எழுந்த இடத்தில் வெடவெடவென்று ஆடியது. இன்னொரு தடவை கத்தினார்கள். இந்தத் தடவை கரை எழவில்லை. அதற்குள்ளிருந்து கயிற்றுப் புரிகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும் சத்தம் கேட்டது.

கெங் ஜனங்களை விலக்கிக்கொண்டு எருதிடம் வந்தார். கொம்பு மட்டும்தான் சேற்றுக்கு மேலே தெரிந்தது. கொம்பில் முடிச்சு. அவர் குனிந்து அதைப் பிடித்தார்.

"என் பங்கில் பாதியை ஆற்றுக்குக் கொடுக்கிறேன்" என்றார்.

முடிச்சு அசையவில்லை.

"முழுவதையும் கொடுக்கிறேன். இந்த ஓர் ஆண்டுக்கு மட்டும்."

முடிச்சு இன்னும் இறுகி, அவர் விரலைக் கடித்தது. ரத்தம் வந்தது. கெங் நிமிர்ந்து தோப்பைப் பார்த்தார். பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்திருந்தது. அப்புறம் திரும்பி, வெகு காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக, ஆற்றை நேருக்கு நேர் பார்த்தார். அவ்வளவு பெரிய ஆறு, அவ்வளவு பாரத்தோடு, நகர முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியம்.

"சின்மாய், ஆற்றின் வயலில் குடியிருக்கிற எல்லோரையும் மேட்டுக்கு வரச் சொல்" என்றார். பிறகு தாமே நெஞ்சு நிறைய மூச்சு வாங்கி, அக்கரை வரைக்கும் கேட்கிற பழைய குரலை எடுத்தார்.

"தூக்கு, தூக்கு, தோள் கொடு. பிள்ளையைத் தூக்கு, பெரியவரைத் தூக்கு, கோழியைத் தூக்கு, கோதுமையைத் தூக்கு."

அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டுத்தான் அந்த ஊர் அத்தனை காலம் கல் தூக்கியிருக்கிறது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சின்மாய் வீடு வீடாக ஓடினாள். ஆற்றின் வயலில் குடியிருந்தவர்கள் பிள்ளைகளோடும் கோழிகளோடும் மேட்டில் ஏறினார்கள். அவள் ஃபாங்கின் கதவையும் தட்டினாள். அவன் திறக்கவில்லை, உத்தரத்தின்மேல் ஏறிப் படகில் உட்கார்ந்துகொண்டிருந்தான். மகள் திரும்பி வந்து மேட்டில் நின்றதைப் பார்த்துவிட்டு, கெங் மூன்றாவது தடவையாக முடிச்சைப் பிடித்தார்.

"இது என் வயல் இல்லை. எப்போதுமே ஆற்றின் வயல்தான். எடுத்துக்கொள்" என்றார்.

முடிச்சு அவிழ்ந்தது. பின்னலைப் பிரிப்பதுபோல் அத்தனை சுலபமாக அவிழ்ந்தது.

மதகின்மேல் எழுந்திருந்த மண் சத்தமில்லாமல் தாழ்ந்தது. ஆறு கீழே இறங்கியது. பாயும், இடிக்கும் என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆறு பாயவில்லை. கூலிக்காரன் வீடு திரும்புகிற மாதிரி நடந்து போயிற்று. வரப்புக்குள் பரவி, தோப்பைச் சுற்றி, வீடுகளுக்குள் புகுந்து, அங்கேயே படுத்துக்கொண்டது. தண்ணீர் பட்டதும் ஃபாங்கின் மாளிகை ஊறவைத்த அப்பளம்போல் மடிந்தது. உத்தரம் முறிந்து படகு விழுந்தது. படகில் உட்கார்ந்தபடியே அவன் வரப்பைத் தாண்டிப் பழைய வாய்க்கால் வழியாகக் கடல் பக்கம் போய்விட்டான். ரொம்ப நாள் கழித்து, கடலோரத்தில் ஒரு சந்தையில் துணி காயப்போடும் கயிறு விற்றுக்கொண்டிருந்ததாகக் கேள்வி. நல்ல கயிறாம், அறுவதே இல்லையாம்.

ஊர் பிழைத்தது. ஆற்றின் வயலில் வீடு கட்டியவர்கள் வீட்டை இழந்தார்கள். அழாமல் இருப்பார்களா, அழுதார்கள். கெங்கும் அழுதார். மற்றவர்கள் தங்கள் வீடுகளில் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள், சில வீடுகளில் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள்.

லூஷாங் ராஜா குன்றிலிருந்து இறங்கி வந்து, தாங்ஜியாவில் ஒரு வீட்டு வாசற்படியில் நின்று, முதல் தடவையாக அண்ணாந்து பார்த்தார். "அப்புறம் என்ன என்று கேட்டேன் அல்லவா?" என்று மட்டும் சின்மாயிடம் சொன்னார். அவளுக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்.

"ஆற்றின் வயலில் இனிமேல் யாரும் கூரை போடக் கூடாது, மகாராஜா. ஆறு வராத பருவத்தில் யார் வேண்டுமானாலும் விதைத்துக்கொள்ளட்டும். அப்புறம், எருது கேட்டால் வீட்டுக்கு ஒருவர் வாசற்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்ல வேண்டும். விசேஷ நாளானாலும் சரி."

ராஜா அப்படியே ஆணையிட்டார். ஜனங்கள் மறுபடி கூடை முடைந்தார்கள். ராஜாவும் ஒரு கூடை மண் தூக்கினார். இரண்டாவது கூடையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார், ஊர் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டது.

பனிக்காலத்துக்கு முன் ஆறு வயலைவிட்டு வடிந்தது. சாண் கணக்கில் புது மண் விட்டுவிட்டுப் போயிருந்தது, பிசைந்த மாவுபோல் மிருதுவாக. உப்புப் பூத்த நிலம் அதற்கு அடியில் எங்கேயோ போய்விட்டது. கெங்கின் மரங்களில் பாதிக்குமேல் சாய்ந்துவிட்டன. மீதி மரங்கள் இடுப்பளவு மண்ணில் நின்றன. செத்துவிட்டன என்றுதான் அவர் நினைத்தார்.

வசந்தம் வந்தது. இரும்பு எருதை ஊர் சேர்ந்து தோண்டி எடுத்து, பழைய இடத்தில் படுக்கவைத்திருந்தது. எல்லோரும் கூடினார்கள். இந்தத் தடவை கெங் கேட்கவில்லை, ஒதுங்கி நின்றார். எருதே வாயைத் திறந்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி, "ஆறு எங்கே?" என்றது.

பழக்கதோஷத்தில் பின்வரிசையில் யாரோ, "காலடியில்" என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு ஒருவர் இறங்கிப் போனார்கள். சின்மாயும் ஊருக்குள் இருந்த தங்கள் பழைய வீட்டின் வாசற்படிக்குப் போய் நின்றாள். பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். போன ஆண்டு படகு போன இடத்தில் இப்போது வெறும் வானம். சுமையை வயலில் இறக்கிவிட்ட ஆறும், கயிறு அவிழ்ந்த கரையும் கீழே வந்திருந்தன, ஆனால் ஆறு காலடிக்கு வந்துவிடவில்லை.

அவள் திரும்பிவந்து எருதின் முன் நின்றாள். நல்ல நாள். எல்லோர் கையிலும் பலகாரம். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"முழங்காலில்" என்றாள்.

எருது தலையை ஆட்டியது. "நல்லது. மதகைத் திறங்கள். கூடையை எடுங்கள்" என்றது.

கெங் பாட்டெடுத்தார். கல் மேலே போயிற்று, கீழே விழுந்தது. அந்தக் கோடையில், இடுப்பளவு மண்ணில் நின்ற மரங்களில் ஒன்று, ஆற்றுத் தண்ணீருக்கு நடுவே நின்றுகொண்டே காய்த்தது. கெங் முட்டளவு சேற்றில் நடந்து போய்ப் பழம் பறித்தார். முதல் பழத்தை மகளுக்குக் கொடுத்தார். இரண்டாவது பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், பிறகு அதை ஆற்றில் போட்டார்.

அவர்கள் அங்கே ஆற்றோடு வாழ்ந்தார்கள், நாம் இங்கே கதையோடு இருக்கிறோம். உங்கள் ஊர் எருது உங்களைக் கேட்டால், வாசற்படி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்லுங்கள்.